சமூகப் புத்தகக்குறித் தளங்களின் மறுவடிவமைப்பு

இணையப் பக்கங்களின் முகவரிகளைச் சேமித்து, அவற்றுக்குக் குறிச்சொற்கள் இட்டு, பிறருடன் பகிர்ந்துகொள்ள உதவும் தளங்கள் சமூகப் புத்தகக்குறித் தளங்கள் எனப்படுகின்றன. இத்தகைய தளமொன்றின் தோற்றம், வசதிகள், உள்ளமைப்பு ஆகியன ஒரே வேளையில் பெருமளவு மாற்றப்படுவதே அதன் மறுவடிவமைப்பு ஆகும். செய்தித் தளம் ஒன்று தோற்றத்தை மாற்றிக்கொண்டால் வாசகர் சில நாட்கள் தடுமாறிப் பின் பழகிக்கொள்வார். புத்தகக்குறித் தளத்தில் பயனரின் பல ஆண்டுச் சேகரிப்பும், அதனை அடுக்கி வைக்க அவர் தாமே வகுத்துக்கொண்ட முறையும் இருப்பதால், அங்கு ஏற்படும் மாற்றத்தின் விளைவு வேறு வகையானது. டெலிசியஸ் (2008, 2011), டிக் (2010), ரெடிட் (2018) ஆகிய தளங்களில் நிகழ்ந்த மாற்றங்கள் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டுகள்.

பின்னணி

அக்காலத்தில் உலாவியில் சேமிக்கப்பட்ட புத்தகக்குறிகள் பெரும்பாலும் அந்தக் கணினியில் மட்டுமே கிடைத்தன. அவற்றை இணைய வழங்கி ஒன்றில் சேமித்து வைத்தால் எந்தக் கணினியிலிருந்தும் பார்க்கலாம், மற்றவர்களும் பார்க்கலாம். இவ்வெண்ணத்தைப் பரவலாக்கியது, ஜோசுவா சாக்டர் 2003ஆம் ஆண்டு தொடங்கிய டெலிசியஸ் ஆகும். தொடக்கத்தில் அதன் பெயர் முகவரியின் நடுவே புள்ளிகள் இட்டு டெல்.இசியோ.யுஎஸ் என எழுதப்பட்டது. அமெரிக்காவுக்குரிய ஆள்களப் பெயரான யுஎஸ் என்பதையே சொல்லின் கடைசி அசையாகக் கொண்ட சொல் விளையாட்டு இது. எந்த எழுத்துக்குப் பின் புள்ளி வரும் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது பலருக்குக் கடினமாக இருந்தது.

டெலிசியசில் கோப்புறைகள் இல்லை. ஒரு பக்கத்தைச் சேமிக்கும்போது பயனர் தமக்குத் தோன்றிய சொற்களைக் குறிச்சொற்களாக இடுவார். ஒரே பக்கத்துக்குப் பல குறிச்சொற்கள் இடலாம் என்பதால், சமையல் குறிப்பு ஒன்றைச் 'சமையல்' என்றும் 'விருந்து' என்றும் 'அம்மாவுக்கு' என்றும் ஒருங்கே வகைப்படுத்த முடியும். இவ்வாறு மேலிருந்து விதிக்கப்படாமல் பயனர்களிடமிருந்து உருவாகும் வகைப்பாட்டுக்குத் தாமஸ் வாண்டர் வால் என்பவர் 2004ஆம் ஆண்டு 'போக்சோனமி' எனப் பெயரிட்டார். தமிழில் இதனை மக்கள் வகைப்பாடு எனலாம்.

எச்.பி. ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்காட் கோல்டர், பெர்னார்டோ ஹூபர்மன் இருவரும் டெலிசியசின் தரவுகளை ஆராய்ந்தனர். ஒரு முகவரியை ஏறத்தாழ நூறு பேர் சேமித்த பின்னர், அதற்கு இடப்படும் குறிச்சொற்களின் விகிதம் பெரும்பாலும் நிலைத்துவிடுகிறது என்பது அவர்கள் கண்ட முடிவுகளுள் ஒன்று. யாரும் யாரிடமும் கேளாமலே ஒரு பொது வழக்கம் உருவாகிவிடுகிறது. பக்கத்தின் பொருளைச் சொல்லாமல், பயனர் அதைக் கொண்டு என்ன செய்ய நினைக்கிறார் என்பதைச் சொல்லும் குறிச்சொற்களும் இருப்பதை அவர்கள் சுட்டிக்காட்டினர். 'படிக்கவேண்டும்' என்னும் பொருள்தரும் குறிச்சொல் இவற்றுள் பரவலானது. இவை தளத்தை உருவாக்கியவர் தந்த வசதிகள் அல்ல. வெறும் எழுத்துப் பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு பயனர்கள் தாமே அமைத்துக்கொண்டவை. ஆகவே தளத்தின் வசதிப் பட்டியலில் இவை இடம்பெறுவதில்லை. மறுவடிவமைப்புச் செய்பவர் அப்பட்டியலை மட்டும் பார்த்துப் பணிபுரியும்போது சிக்கல் தொடங்குகிறது.

டெலிசியஸ்: 2008ஆம் ஆண்டு மாற்றம்

யாகூ நிறுவனம் டெலிசியசை 2005 டிசம்பரில் வாங்கியது. நீண்ட காலம் உள்ளே மறுபடி எழுதப்பட்ட பின், புதிய பதிப்பு 2008 ஜூலை 31 அன்று வெளியானது. புள்ளிகள் நீங்கி முகவரி டெலிசியஸ்.காம் ஆயிற்று. தேடல் விரைவுபடுத்தப்பட்டது. ஒவ்வொரு புத்தகக்குறிக்கும் எழுதக்கூடிய குறிப்பின் அளவு 1000 எழுத்துகளாக உயர்த்தப்பட்டது. வெறும் எழுத்துகளாலான பழைய பக்கத்தின் எளிமை போய்விட்டது என வருந்தியோர் இருந்தனர். ஆயினும் குறிச்சொற்கள் அப்படியே இருந்தன. பழைய முகவரிகள் புதியவற்றுக்கு வழிமாற்றப்பட்டன. அந்த ஆண்டு இறுதியில் 53 இலட்சம் பயனர்களும் 18 கோடி தனித்த முகவரிகளும் இருப்பதாகத் தளம் அறிவித்தது. தோற்றம் முற்றிலும் மாறியும் பயனர்களின் சேகரிப்புக்கு ஊறு நேராத மறுவடிவமைப்பு இது என்பதால், அடுத்து நிகழ்ந்ததோடு ஒப்பிட ஏற்றது.

டெலிசியஸ்: 2011ஆம் ஆண்டு மாற்றம்

2010 டிசம்பரில் யாகூவின் உள்கூட்டம் ஒன்றில் காட்டப்பட்ட படவில்லை இணையத்தில் கசிந்தது. நிறுத்தப்படவுள்ள சேவைகளின் பட்டியலில் டெலிசியசின் பெயரும் இருந்தது. தளத்தை மூடப்போவதில்லை, வேறு இடம் தேடுகிறோம் என யாகூ பின்னர் அறிவித்தபோதிலும், அதற்குள் ஏராளமானோர் தம் சேகரிப்பைத் தரவிறக்கிக்கொண்டு வேறு தளங்களுக்குச் செல்லத் தொடங்கிவிட்டனர். யூடியூபை நிறுவியவர்களான சாட் ஹர்லி, ஸ்டீவ் சென் ஆகியோரின் ஏவோஸ் நிறுவனம் 2011 ஏப்ரலில் டெலிசியசை வாங்கியது. உரிமையாளர் மாறுவதால், தம் புத்தகக்குறிகளைப் புதிய நிறுவனத்துக்கு மாற்ற ஒவ்வொரு பயனரும் இசைவு தரவேண்டியிருந்தது. கணக்கைத் திறந்துவிட்டு நெடுநாள் அந்தப் பக்கம் வராதவர்களுக்கு இது பெரும் இடராக முடிந்தது. ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் பழைய இணைப்பைத் தேடி வருபவரும் புத்தகக்குறித் தளத்தின் பயனரே. அத்தகையவரே இசைவு கேட்கும் அறிவிப்பைக் காணத் தவறும் வாய்ப்பு மிகுதி.

புதிய தளம் 2011 செப்டம்பர் 27 அன்று திறக்கப்பட்டது. இணைப்புகளைப் படங்களுடன் ஓர் இதழைப் போல் தொகுத்து வெளியிடும் 'அடுக்கு' என்னும் வசதி அதன் முகப்பில் முதன்மை பெற்றது. அதே வேளையில், குறிச்சொற்களைக் குழுக்களாகக் கட்டிவைக்கும் வசதி காணாமற் போனது. ஆயிரக்கணக்கான குறிச்சொற்கள் வைத்திருந்தோருக்குக் குழுக்கள் இல்லாத பட்டியல், அலமாரி இல்லாத நூலகம் போன்றது. முகப்பை அழகுபடுத்திய அடுக்குகள் மறு ஆண்டே கைவிடப்பட்டன.

இம்மாற்றத்தால் மிகவும் பாதிக்கப்பட்டவர்கள் இரசிகர் புனைவு எழுதுவோரும் படிப்போரும் ஆவர். தொலைக்காட்சித் தொடர்கள், புதினங்கள் முதலியவற்றின் கதைமாந்தரை வைத்துத் தாமே கதை எழுதும் இவர்கள், பல தளங்களில் சிதறிக் கிடந்த கதைகளுக்கு டெலிசியசை ஒரு பொது நூலகப் பட்டியலாகப் பயன்படுத்தி வந்தனர். கதையின் மூலத் தொடர், கதைமாந்தர், சொல் எண்ணிக்கை, முடிந்ததா தொடர்கிறதா என்பன எல்லாம் குறிச்சொற்களாக இடப்பட்டன. இரு கதைமாந்தர் காதலர்களாக வரும் கதைக்கு அவர்களுடைய பெயர்களின் இடையே சாய்கோடு இடுவது, டெலிசியஸ் தோன்றுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, 'ஸ்டார் டிரெக்' இரசிகர்களின் அச்சிதழ்க் காலத்திலேயே தோன்றிய வழக்கம். புதிய டெலிசியசில் சாய்கோடு உள்ள குறிச்சொற்களைத் தேட இயலவில்லை.

நிரலாளரின் பார்வையில் இது சிறு வழு. சாய்கோடு என்பது இணைய முகவரியில் பகுதிகளைப் பிரிக்கும் குறி. அதனைக் குறிச்சொல்லில் அனுமதித்தால் முகவரியைப் பகுப்பதில் தொல்லை வரும். ஆகையால் விட்டுவிடுவது எளிது. ஆனால் பயனரின் பார்வையில், அந்த ஒற்றைக் குறியின் மேல்தான் முழுப் பட்டியலும் நின்றது. ஒரு சமூகம் பல ஆண்டுகள் கூடிச் செய்த வகைப்பாடு ஒரே நாளில் தேடமுடியாததாயிற்று. கதைகள் அழியவில்லை, அவற்றைக் கண்டடையும் வழி அழிந்தது.

பின்போர்டு என்னும் போட்டித் தளத்தை 2009ஆம் ஆண்டு தொடங்கி நடத்திவந்த மாசே செக்லோவ்ஸ்கி, இரசிகர்கள் தம் தளத்துக்கு வரத் தொடங்கியதைக் கண்டு, அவர்களுக்கு என்னென்ன தேவை என்று கேட்டார். இரசிகர்கள் ஒரு கூட்டு ஆவணத்தைத் திறந்து, தாமே பிரிவுகள் வகுத்து, வாக்கெடுப்பு நடத்தி, சுமார் ஐம்பது பக்க அளவுக்குத் தேவைகளை எழுதிக் கொடுத்தனர். இதைப் பற்றி அவர் 2013ஆம் ஆண்டு ஆற்றிய உரை மென்பொருள் துறையில் பரவலாகப் படிக்கப்பட்டது. ஊதியம் வாங்கும் ஆய்வாளர்கள் திரட்டக்கூடியதைவிடத் தெளிவான தேவை ஆவணம் ஒன்று, கேட்டவுடனே இலவசமாகக் கிடைத்தது என்பதே இதில் வியப்புக்குரியது. பழைய உரிமையாளரும் புதிய உரிமையாளரும் இதைக் கேட்டிருக்க முடியும்.

டெலிசியஸ் மேலும் இரு முறை கைமாறி, 2017 ஜூனில் செக்லோவ்ஸ்கியிடமே 35,000 டாலருக்கு வந்து சேர்ந்தது. புதிதாகச் சேமிப்பது நிறுத்தப்பட்டு, பார்வைக்கு மட்டும் திறந்திருக்கும் நிலைக்கு அத்தளம் மாற்றப்பட்டது.

டிக்: நான்காம் பதிப்பு

கெவின் ரோஸ் முதலியோர் 2004ஆம் ஆண்டு தொடங்கிய டிக், தனி நூலகமாக அன்றிப் பொது வாக்கெடுப்பாக இயங்கிய தளம். பயனர்கள் சமர்ப்பிக்கும் இணைப்புகளுக்குப் பிறர் ஆதரவு வாக்கு அளிப்பர்; போதிய வாக்கு பெற்றவை முகப்புக்கு வரும். பிடிக்காதவற்றைப் 'புதை' என்னும் பொத்தானால் கீழிறக்கலாம். தமிழில் இம்முறையைப் பின்பற்றிய தமிழிஷ் (பின்னர் இன்ட்லி) தளத்தின் வாக்குப் பொத்தானைத் தமிழ் வலைப்பதிவுகளில் கண்டவர்களுக்கு இது புதிதல்ல.

2010 ஆகஸ்ட் 25 அன்று டிக் தன் நான்காம் பதிப்பை வெளியிட்டது. புதைக்கும் பொத்தான், வரவிருக்கும் இணைப்புகளின் பக்கம், பயனர்கள் விருப்பமானவை எனச் சேமித்து வைத்திருந்தவற்றின் பட்டியல் ஆகியன நீக்கப்பட்டன. செய்தி நிறுவனங்கள் தம் செய்தியோடையை இணைத்துவிட்டால் அவற்றின் இணைப்புகள் தாமாகவே சமர்ப்பிக்கப்படும் என்பது புதிய ஏற்பாடு. அதுவரை நல்ல இணைப்பைத் தேடிக்கொண்டு வந்து தருபவர் என்னும் மதிப்பு சாதாரணப் பயனருக்கு இருந்தது. அந்த வேலையை ஓடை ஏற்றுக்கொண்டது. பொத்தானின் நிறத்தைப் பற்றிய முணுமுணுப்பாக எதிர்ப்பு நின்றுவிடாததற்கு இதுவே காரணம் எனலாம்.

எதிர்ப்பின் வடிவமும் குறிப்பிடத்தக்கது. ஆகஸ்ட் 30 அளவில் பயனர்கள் திரண்டு, போட்டித் தளமான ரெடிட்டின் இணைப்புகளுக்கே வாக்களித்து டிக்கின் முகப்பை அவற்றால் நிரப்பினர். தானியங்கிச் சமர்ப்பிப்பும் புதைக்கும் பொத்தான் இன்மையும் அவர்களுக்கு வசதியாகவே அமைந்தன.

பழைய பதிப்புக்குத் திரும்பும்படி எழுந்த கோரிக்கை நிறைவேறவில்லை. புதிய பதிப்புடன் தரவுத்தளமும் மைஎசுகியூஎல் மென்பொருளிலிருந்து பெருமளவு கசாண்ட்ராவுக்கு மாற்றப்பட்டிருந்தது. தோற்றத்தையும் உள்ளமைப்பையும் ஒரே நாளில் மாற்றியதால் பின்வாங்கும் வழி அடைபட்டது. வாரக்கணக்கில் தளம் அடிக்கடி செயலிழந்தது. நீக்கிய வசதிகள் சில பின்னர் மீண்டும் வந்தபோது, வாக்களிக்கும் கூட்டத்தில் பெரும்பகுதி ரெடிட்டில் குடியேறிவிட்டிருந்தது. அக்டோபரில் பணியாளருள் 37 விழுக்காட்டினர் நீக்கப்பட்டனர். 2012 ஜூலையில் டிக் பெட்டாவொர்க்ஸ் நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, ஆறே வாரங்களில் முற்றிலும் புதிதாக எழுதப்பட்டது. பழைய கணக்குகளும் கருத்துரைகளும் புதிய தளத்தில் இடம்பெறவில்லை. டிக்கின் வீழ்ச்சிக்கு நான்காம் பதிப்பு ஒன்றே காரணம் அன்று. சிறு குழுவொன்றின் வாக்குகள் முகப்பை ஆள்கின்றன என்னும் குறை முன்பே இருந்தது, ரெடிட்டும் வளர்ந்துவந்தது. ஆயினும் வெளியேறுவதற்கான நாளைக் குறித்துக் கொடுத்தது அந்தப் பதிப்பே.

ரெடிட்: பழையதை வைத்துக்கொள்ளுதல்

டிக்கிலிருந்து வந்தவர்களால் பயன்பெற்ற ரெடிட், தன் தோற்றத்தைப் பெரிய அளவில் மாற்றியது 2018இல்தான். இணைப்புகளின் நெருக்கமான பட்டியலுக்குப் பதிலாகப் படங்களுடன் கூடிய அட்டைகள் இயல்பான காட்சியாயின. இங்கும் எதிர்ப்பு கடுமையாகவே இருந்தது. ஆனால் பழைய தோற்றம் தனித் துணைமுகவரி ஒன்றில் தொடர்ந்து கிடைத்தது. கணக்கின் விருப்பத்தேர்வுகளில் அதையே நிலையாகத் தெரிவு செய்துகொள்ளவும் முடிந்தது. எனவே 2010ஆம் ஆண்டைப் போன்ற பெரும் வெளியேற்றம் நிகழவில்லை. இதற்கு ஒரு விலையும் இருந்தது. குழுக்களின் மட்டுநர்கள் பழைய தோற்றத்துக்கு ஒன்றும் புதியதற்கு ஒன்றுமாக இரு முறை அழகமைப்பும் விதிப்பட்டியலும் எழுதிப் பராமரிக்க வேண்டியதாயிற்று. அவ்வேலைக்கு ஊதியம் இல்லை.

முகவரிகளும் வெளித் தளங்களும்

டெலிசியசில் ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் தனி முகவரி இருந்தது. பயனர் பெயரை அடுத்துக் குறிச்சொல்லையும், அதனை அடுத்துக் கூட்டல் குறியுடன் மற்றொரு குறிச்சொல்லையும் எழுதினால், இரண்டும் பொருந்தும் பக்கங்கள் மட்டும் வரும். அந்தப் பட்டியலுக்கு ஆர்.எஸ்.எஸ். ஓடையும் உண்டு. ஆசிரியர் ஒருவர் பாடத்துக்குரிய குறிச்சொல்லின் முகவரியை மாணவர்களுக்குக் கொடுத்துவிட்டால், அவர் சேமிக்கும் ஒவ்வொன்றும் அவர்களைச் சென்றடையும். வலைப்பதிவின் ஓரத்தில் அண்மைய இணைப்புகளைக் காட்டும் நிரல் துண்டுகளும் இவ்வாறே இயங்கின. ஆக, தளத்துக்கு ஒருபோதும் வராதவரும் அதன் பயனரே. முகவரியின் அமைப்பு மாறும்போது முதலில் அறுபடுவது இவர்களுக்கான இழை; ஏன் அறுந்தது என்னும் அறிவிப்பு அவர்களுக்குச் சேர்வதில்லை. நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்னும் பொருள்பட டிம் பேர்னர்ஸ்-லீ 1998ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டுரை எழுதியுள்ளார்.

தமிழ்க் குறிச்சொற்களில் நேரக்கூடிய இடர்கள்

டெலிசியஸ் தொடக்கத்தில் குறிச்சொற்களை இடைவெளியால் பிரித்தது. இரு சொற்களாலான தொடரைச் சேர்த்தெழுதுவது, அடிக்கோடு இடுவது, சிறுகோடு இடுவது என ஒவ்வொருவரும் ஒரு வழி கண்டனர். பின்னாளில் தளமொன்று பிரிக்கும் குறியைக் காற்புள்ளியாக மாற்றினால், பழைய குறிச்சொற்களும் புதியனவும் ஒன்றோடொன்று பொருந்தா.

தமிழில் எழுதப்படும் குறிச்சொற்களுக்கு வேறு சில இடர்களும் உண்டு. 'கணினி' என்னும் சொல் ஒருங்குறியில் ஐந்து குறியீடுகளால் ஆனது, யூ.டி.எஃப்-8 முறையில் அது 15 பைட்டுகளாகும். இணைய முகவரியில் விழுக்காட்டுக் குறிகளுடன் எழுதும்போது 45 எழுத்துகளாக நீள்கிறது. புதிய தரவுத்தளத்தில் குறிச்சொல்லின் உச்ச நீளத்தைப் பைட்டுக் கணக்கில் வரையறுத்தால் ஆங்கிலச் சொற்கள் தப்பும். தமிழ்ச் சொற்கள் நடுவே துண்டிக்கப்படும். 'தொழில்' என்பதில் உள்ள ஒகர உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என இரு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கோ வெவ்வேறு. தரவை இடம்பெயர்க்கும் நிரல் இவற்றை ஒரே வடிவுக்குக் கொண்டுவராவிட்டால், ஒரே குறிச்சொல் பட்டியலில் இரு முறை தோன்றும். ஒன்றைச் சொடுக்கினால் பாதிப் பக்கங்கள் மட்டுமே வரும். குற்றம் எங்குள்ளது என்பதைப் பயனர் கண்டறிவது ஏறக்குறைய இயலாதது.

மறுவடிவமைப்புக்கான காரணங்கள்

பயனர் முணுமுணுப்பதால் மட்டும் ஒரு மாற்றம் தவறாகிவிடாது. பழகிய கை, பொத்தானின் இடம் மாறினாலே தடுமாறும். அத்தடுமாற்றம் பெரும்பாலும் சில வாரங்களில் நீங்கும். பழைய நிரலைப் பராமரிப்பது கடினமாவது, கைப்பேசித் திரைக்கு ஏற்ப அமைப்பது, விளம்பர வருவாய், புதியவர்களை ஈர்ப்பது முதலிய தேவைகள் நிறுவனத்துக்கு உண்டு. குறிச்சொல் என்றால் என்னவென்றே அறியாத ஒருவருக்கு 2003ஆம் ஆண்டின் டெலிசியஸ் பக்கம் விளங்காத பட்டியலாகவே தோன்றியிருக்கும். சிக்கல் என்னவெனில், இன்னும் வராத பயனருக்காகச் செய்யப்படும் மாற்றத்தின் செலவை, பல ஆண்டுகளாக இருப்பவர் ஏற்கவேண்டியுள்ளது. புத்தகக்குறித் தளத்தில் உள்ளடக்கத்தை உருவாக்கியவரும் அவரே.

தரவை எடுத்துச் செல்லுதல்

பெரும்பாலான புத்தகக்குறித் தளங்கள் சேகரிப்பை எச்.டி.எம்.எல். கோப்பாக ஏற்றுமதி செய்ய இடமளித்தன. 1990களில் நெட்ஸ்கேப் உலாவி பயன்படுத்திய கோப்பு வடிவமே இதற்கு இன்றும் பொது வடிவமாக உள்ளது. அதில் முகவரி, தலைப்பு, சேமித்த நாள் ஆகியன தங்கும். குறிச்சொற்களும் குறிப்புகளும் தங்குவது, ஏற்றுமதி செய்யும் தளத்தையும் பெற்றுக்கொள்ளும் தளத்தையும் பொறுத்தது. தன் புத்தகக்குறிகளை யார் யார் பின்தொடர்ந்தனர், ஒரு பக்கத்தை வேறு எவரெல்லாம் சேமித்தனர் என்னும் சமூகப் பகுதி எந்தக் கோப்பிலும் அடங்குவதில்லை.

மக்னோலியா என்னும் தளம் 2009 ஜனவரி இறுதியில் தரவுத்தளம் பழுதடைந்து பயனர்களின் சேகரிப்பை இழந்தது. மறுவடிவமைப்பு எதுவும் வெளியாகாமலே எல்லாம் போகக்கூடும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு. ஸ்டம்பிள்அப்பான் 2018 ஜூனிலும், பிறகு படிப்பதற்கெனப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் பாக்கெட் 2025 ஜூலையிலும் நிறுத்தப்பட்டன. பாக்கெட் தன் பயனர்களுக்குச் சேமிப்பை ஏற்றுமதி செய்துகொள்ளச் சில மாத அவகாசம் அளித்தது.